எலும்பை யார் பார்த்தது?

கார் இடிபட்ட மூன்றாவது நிமிடத்தில் நம் ஊரில் ஒரு மெடிக்கல் போர்டு கூடிவிடும். பெட்டிக்கடைக்காரர், ஆட்டோ டிரைவர், பஸ்ஸைக் கோட்டை விட்டவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே எட்டிப் பார்க்கும் பைக் ஆசாமி. நால்வரும் காரை ஒரு சுற்று சுற்றி வந்து தீர்ப்பு சொல்வார்கள்.

"ஒண்ணும் ஆகலை சார். பம்பர்தான் போச்சு. ஒரு ஹெட்லைட்டு. லைட்டா பட்டி பாத்து பெயின்ட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்."

அடிபட்டவரும் அதைத்தான் கேட்க விரும்புகிறார். மனசு லேசாகி, மெக்கானிக்குக்கு போன் போடுகிறார். குனிந்து காரின் வயிற்றுக்கு அடியில் பார்க்கிறவர் மட்டும் அந்தக் கூட்டத்தில் யாரும் இருக்க மாட்டார்.

மனிதனுக்கு அடிபட்டால் முதலில் "எக்ஸ்ரே எடுத்தாச்சா?" என்கிறோம். காருக்கு அடிபட்டால் முதலில் "என்ன கலர் சார்?" என்கிறோம். இந்த வாரம் கொஞ்சம் காரின் எலும்பைப் பற்றிப் பேசலாம். மாதத் தவணையில் புதுசு வாங்கியவர்களும், செகண்ட்ஹாண்டில் ஒன்று தேடிக்கொண்டிருப்பவர்களும் பக்கத்தைத் திருப்பாமல் இருப்பது நல்லது.

*

கார்களில் இரண்டு ஜாதி. முதலாவது, ஏணி மாதிரி தனியாக ஒரு சேஸிஸ் செய்து, அதன் மேல் உடம்பைத் தூக்கி வைத்து போல்ட் போடுவது. பல்லக்கும் தண்டும் மாதிரி. லாரி, ஜீப், பொலேரோ, தார், ஃபார்ச்சூனர் எல்லாம் இந்த வகை. இரண்டாவது, உடம்பே எலும்பாக இருப்பது. தரை, தூண்கள், கூரை, முன்பக்கத்து இரண்டு நீளக் கட்டைகள் எல்லாம் தகடுகளை மடித்து, ஆயிரக்கணக்கான இடங்களில் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்து ஒரே கூடாக ஆக்கியது. மானோகாக் என்பார்கள். முட்டை ஓடு மாதிரி. மாருதி 800-லிருந்து இன்றைய ஸ்விஃப்ட் வரை நம் சின்னக் கார்கள் எல்லாமே முட்டைதான். 1922-லேயே இத்தாலியின் லான்சியா கம்பெனி லாம்ப்டா என்ற காரில் இதைச் செய்து காட்டிவிட்டது.

"அம்பாஸடர்? அது இரும்பு சேஸ் சார், டாங்க்கி மாதிரி!" என்று இதற்குள் ஒரு பெரியவர் எழுந்திருப்பார். மன்னிக்கணும் ஐயா. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்து, 2014 வரை உத்தர்பாராவில் தயாரான நம் அம்பாஸடரும் தனிச் சேஸிஸ் இல்லாத வண்டிதான். தகடு தடிமன். அதனால் அந்தப் பெயர்.

முட்டை வகையில் என்ன சங்கடம் என்றால், எங்கே அடித்தாலும் சேதி எல்லா இடத்துக்கும் போகும். முன்பக்கம் இடது மூலையில் அடி. வலது பக்கம் பின்கதவு சரியாகச் சாத்த மாட்டேன் என்கிறது. "அது வேற பிரச்னை சார், பழைய கம்ப்ளெய்ன்ட்டா இருக்கும்" என்பார் மெக்கானிக். வேறு பிரச்னை இல்லை. இடது மூலையில் வாங்கிய அடி, கட்டை வழியாகத் தரைக்கும், தரையிலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து கூரைக்கும் போய், கடைசியில் கதவில் வந்து புகார் கொடுக்கிறது.

*

அடுத்த புகார் எல்லாருக்கும் தெரிந்தது. "இந்தக் காலத்து வண்டியெல்லாம் தகரம் சார். தொட்டா அப்பளமா நொறுங்குது."

நொறுங்க வேண்டும். அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள்.

பேலா பாரெனி என்று மெர்சிடிஸ் கம்பெனியில் ஓர் என்ஜினீயர் இருந்தார். முன்னும் பின்னும் நசுங்க வேண்டும், நடுவில் ஆட்கள் உட்காரும் அறை மட்டும் நசுங்கவே கூடாது என்ற யோசனைக்கு 1951-ல் பேட்டன்ட் விண்ணப்பம் போட்டார். 1959-ல் அந்த யோசனையோடு மெர்சிடிஸ் கார் ரோட்டுக்கு வந்தது. அதுவரை கார் எவ்வளவு விறைப்போ அவ்வளவு நல்லது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. கார் விறைப்பாக நின்றால் அடி முழுவதும் உள்ளே இருப்பவரின் நெஞ்சுக்குப் போகிறது என்பதுதான் பாரெனி பார்த்த விஷயம்.

கணக்கு ரொம்ப எளிது. 56 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறக்குறைய 12 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. அவ்வளவு சக்தியையும் யாராவது சாப்பிட்டாக வேண்டும். காரின் மூக்கு சாப்பிடவில்லை என்றால் நீங்கள் சாப்பிட வேண்டும்.

அதனால்தான் முன்பக்கத்து அந்த இரண்டு நீளக் கட்டைகளையும் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி மாதிரி, வரிசையாக மடிந்து மடிந்து உள்வாங்கும்படி செய்கிறார்கள். எந்த இடத்தில் முதல் மடிப்பு, எதில் இரண்டாவது என்பதெல்லாம் கம்பெனியில் தீர்மானமான சமாசாரம். ஏர்பேக்கும் அந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது. மோதிய வேகம் குறைகிற விதத்தை சென்சார் மோப்பம் பிடித்து, ஒரு விநாடியின் 20-ல் ஒரு பங்கு நேரத்தில் பை ஊதி முடிய வேண்டும்.

இந்தியாவில் 2017 அக்டோபரிலிருந்து புது மாடல்களும், 2019 அக்டோபரிலிருந்து எல்லாக் கார்களும் 56 கிலோமீட்டர் வேக மோதல் பரீட்சையில் பாஸ் ஆகியாக வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்காப் 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டு நட்சத்திரம் வேறு கொடுக்கிறது. ஐந்து நட்சத்திரம் என்றால் ஷோரூமில் லட்டு கொடுக்கிறார்கள்.

ஆனால் அந்த நட்சத்திரம் கம்பெனி பெற்றெடுத்த காருக்கு. ஷெட்டில் மறுபிறவி எடுத்த காருக்கு யாரும் பரீட்சை வைப்பதில்லை. அதற்குப் பரீட்சை ஒரே ஒரு தடவைதான். உள்ளே நீங்கள் இருக்கும்போது.

*

சரி, எலும்பு வளைந்துவிட்டது. என்ன செய்கிறார்கள்?

நம் ஊரில் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு போடுகிறவர்கள் உண்டு. காருக்கும் ஒரு புத்தூர் கட்டு இருக்கிறது. பின்பக்கத்தைப் புளியமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, முன்பக்கத்தை லாரியில் கட்டி, "மெதுவா... மெதுவா... ஆங், போதும் போதும்!" என்று இழுப்பது. போதும் என்று எதை வைத்துச் சொன்னார்? கண்ணை வைத்து. பானெட் சாத்துகிறதா, கதவு பூட்டுகிறதா, அவ்வளவுதான் டெஸ்ட்.

முறையான வழி வேறு. காரைத் தூக்கி ஒரு கனத்த இரும்பு மேடையில் வைத்து, கதவுக்குக் கீழே ஓரத் தகட்டில் நாலு இடத்தில் பல் உள்ள கிடுக்கி போட்டு இறுக்கி விடுவார்கள். கார் அசையக் கூடாது. பிறகு அளவு. காரின் அடியில் இன்னின்ன ஓட்டை, இன்னின்ன போல்ட் நடுக்கோட்டிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் தள்ளி, தரைமட்டத்திலிருந்து இத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி கணக்கு கொடுத்திருக்கிறது. கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. ஒரு புள்ளி தள்ளிப் போனால் கோலமே கோணல். பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது தொழிலில் கணக்கு. ஒரு ரூபாய்க் காசு இரண்டை அடுக்கினால் வருகிற கனம்தான். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்பவரைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எலும்பு கெடுவதிலும் தினுசுகள் உண்டு. மூக்கு ஒரு பக்கமாக வாழைப்பழம் போல் வளைவது. நடுவில் தொய்வது. நீளத்தில் சுருங்குவது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி முறுக்கிக்கொள்வது. ஐந்தாவது, பழைய கயிற்றுக் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்து சதுரம் போய் டயமண்ட் ஆகுமே, அது. இது பெரும்பாலும் தனிச் சேஸிஸ் வண்டிகளின் வியாதி. கொத்தனார் அறைக்கு மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்து இரண்டு பக்கமும் சமமா என்று பார்க்கிறாரே, இதற்கும் அதேதான் வைத்தியம். மேடையில் அந்த நூலுக்குப் பதில் அளவுச் சட்டமோ லேசரோ இருக்கும்.

அளந்த பிறகு இழுப்பு. ஹைட்ராலிக் கம்பம், சங்கிலி. அடி எந்த வழியில் உள்ளே போனதோ அந்த வழியிலேயே அதை வெளியே அனுப்ப வேண்டும். கடைசியில் வளைந்தது முதலில் நிமிர வேண்டும். ஒரே மூச்சில் இழுக்கக் கூடாது. இரும்புக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. நிமிர்த்தி விட்டதும் கொஞ்சம் திரும்பிப் போகும். அதனால் கொஞ்சம் இழு, சங்கிலியைத் தளர்த்து, அள. மறுபடி இழு, தளர்த்து, அள. நல்ல வொர்க்‌ஷாப்பில் இழுக்கிற நேரத்தைவிட அளக்கிற நேரம்தான் அதிகம்.

எதை நிமிர்த்தலாம், எதைத் தூக்கி எறிய வேண்டும்? இதற்குத் தொழிலில் ஒரு சுருக்கமான விதி: வளைந்தால் நிமிர்த்து, மடிந்தால் மாற்று. நியூஸ் பேப்பரைச் சுருட்டினால் விரிக்கலாம். மடித்து நகத்தால் கீறிவிட்டால், எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அந்தக் கோடு போகாது. அடுத்த தடவை அங்கேதான் முதலில் மடியும். முன்கட்டையில் அப்படி ஒரு கோடு இருந்தால் துருத்தியின் கணக்கே போச்சு.

*

இந்த இடத்தில் நம் டிங்கர் மேஸ்திரிக்கு ஒரு சல்யூட் அடித்துவிட வேண்டும். சென்னை புதுப்பேட்டையிலும் மதுரை, கோவை ஷெட்டுகளிலும் சுத்தியலும் டாலியும் மட்டுமே வைத்துக்கொண்டு நசுங்கிய மட்கார்டை ஆப்பிள் மாதிரி ஆக்கிவிடுகிற கைகள் உண்டு. அந்தக் கையில் ஒரு குற்றமும் இல்லை. இரும்புதான் மாறிவிட்டது.

பழைய கார்களின் தகடு சாதுவான இரும்பு. கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, தட்டி, ஆறவிட்டால் கோபித்துக்கொள்ளாது. இன்றைய கார்களில் நடுத்தூண் மாதிரி இடங்களில் போரான் கலந்த எஃகு வருகிறது. சுமார் 900 டிகிரிக்குக் காய்ச்சி, அச்சில் வைத்து அழுத்தும்போதே சடாரென்று குளிர வைக்கிறார்கள். அதனால் பலம் சாதாரணத் தகட்டைப் போல் நாலைந்து மடங்கு. அதை மறுபடி கேஸ் வைத்துக் காய்ச்சினால் அந்த பலம் கரைந்துபோய், பார்வைக்கு மட்டும் தூணாக நிற்கும். அதனால் அந்தப் பாகத்தைச் சூடாக்கவோ நிமிர்த்தவோ கூடாது, புதுசுதான் போட வேண்டும் என்று கம்பெனிகள் ரிப்பேர் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கின்றன. ஒட்டுகிற முறையும் அப்படியே. எங்கே வெட்டலாம், எத்தனை புள்ளி வெல்டிங், முடிந்த பிறகு உள்பக்கத்தில் துருப்பிடிக்காமல் மெழுகு அடிப்பது உள்பட எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. மேஸ்திரிக்கு அந்தப் புத்தகத்தைக் காட்டியவர் யாரும் இல்லை.

"ஏன் சார் பயமுறுத்தறீங்க? ஓடுற வரைக்கும் ஓடட்டுமே" என்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை.

அமெரிக்காவின் டெக்சாஸ். 2010 மாடல் ஹோண்டா ஃபிட். நம் ஊரில் ஜாஸ் என்று விற்ற அதே குடும்பம். ஆலங்கட்டி மழையில் கூரை நசுங்கி, ஒரு வொர்க்‌ஷாப்பில் கூரையை மாற்றினார்கள். ஹோண்டா புத்தகம் வெல்டிங் செய்யச் சொல்கிறது. அவர்கள் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். பெயின்ட் பிரமாதம். எந்த வித்தியாசமும் தெரியாது. பிறகு காரை செகண்ட்ஹாண்டில் ஒரு தம்பதி வாங்கினார்கள். 2013 டிசம்பரில் ஒரு பிக்கப் வண்டி வந்து மோதியது. கூரை பிரிந்து வந்தது, கூடு நசுங்கியது, தீப்பிடித்தது. இருவரும் பிழைத்தார்கள். ஆனால் கடும் காயங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட கணவருக்கு மோசமான தீக்காயம். 2017-ல் டல்லாஸ் ஜூரி அந்த வொர்க்‌ஷாப்பின் பங்காக விதித்த தொகை 3 கோடியே 15 லட்சம் டாலர்.

கூரையை ஒட்டியவருக்கு அந்தத் தம்பதி யாரென்றே தெரியாது. அந்தத் தம்பதிக்குக் கூரை மாற்றிய விஷயமே தெரியாது. எலும்பு வேலையின் ஆபத்து இதுதான். செய்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர்.

*

இதில் இன்ஷூரன்ஸ் எங்கே வருகிறது?

சர்வேயர் வந்து பார்த்து மதிப்புப் போடுகிறார். ரிப்பேர் செலவு பாலிசியில் போட்ட மதிப்பில், அதாவது ஐ.டி.வி.யில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் கணக்கு. அதற்குக் கீழே என்றால் ரிப்பேர். சாதாரண பாலிசியில் வண்டிக்கு 5 வயதைத் தாண்டிவிட்டால் இரும்பு பாகங்களுக்கு 40 சதவிகிதம் தேய்மானம் கழிப்பார்கள். புதுப் பாகம் போட்டால் அந்த 40 உங்கள் பையிலிருந்து போக வேண்டும். ஆகவே, "மாத்த வேணாம் சார், நிமித்திடலாம்" என்ற வாக்கியம் எல்லார் காதிலும் தேனாகப் பாயும். உங்களுக்குச் செலவு மிச்சம். இன்ஷூரன்ஸுக்கு கிளெய்ம் மிச்சம். வெள்ளிக்கிழமை மச்சினன் கல்யாணத்துக்கு வண்டியும் வந்துவிடும். மூன்று தரப்புக்கும் சந்தோஷம் தருகிற முடிவு என்றால் அங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

டோட்டல் லாஸ் ஆன வண்டி எல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போகிறது என்றும் நினைக்க வேண்டாம். ஏலத்தில் யாரோ எடுத்து, எங்கேயோ நிமிர்த்தி, ஆறு மாதத்தில் "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி" என்று திரும்பி வருவதும் உண்டு. பின்பக்கம் நசுங்கிய ஒன்றையும் முன்பக்கம் நசுங்கிய இன்னொன்றையும் வெட்டி ஒன்றாக்கி, நரசிம்மாவதாரமாக விற்பதும் உலகம் முழுக்க உண்டு.

ஆகவே செகண்ட்ஹாண்ட் பார்க்கப் போகிறவர்கள் பாட்டு சிஸ்டத்தைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் குனியுங்கள். பானெட்டைத் திறந்து உள் ஓரத் தகட்டைப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் என்றால் பொத்தான் அளவில் குட்டிக் குழிகள் வரிசையாக இருக்கும். நடுவில் வரிசை காணாமல் போய் இரும்பு வழிந்து உறைந்திருந்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது. ஃபெண்டர் போல்ட்டின் தலையில் பெயின்ட் உரிந்திருக்கிறதா பாருங்கள். டிக்கியின் கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைப் பாருங்கள். கதவு இடுக்குகள் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா? நேர் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் மெதுவாக ஓட்டிவிட்டு இறங்கி வந்து ஈர டயர்த் தடத்தைப் பாருங்கள். பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வர வேண்டும். நாய் ஓடுவது போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால், நமஸ்காரம் சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.

உங்கள் வண்டியே அடிபட்டு ஷெட்டில் நின்றால், கலர் மேட்ச் ஆகிறதா என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். முதல் கேள்வி: இழுப்பதற்கு முன்னால் எடுத்த அளவும் இழுத்த பின்னால் எடுத்த அளவும் பேப்பரில் எங்கே? இரண்டாவது: பட்டி பூசுவதற்கு முன்னால் எடுத்த போட்டோக்கள். பெயின்ட் அடித்த பிறகு கடவுளுக்கே உள்ளே என்னவென்று தெரியாது. மூன்றாவது: எதை நிமிர்த்தினார்கள், எதை மாற்றினார்கள் என்று பில்லில் தனித்தனியாக இருக்கிறதா? நாலாவது: வெடித்த ஏர்பேக்கோடு சென்சார், சீட் பெல்ட் எல்லாவற்றையும் பார்த்தார்களா? ஏர்பேக் இருந்த இடத்தை வெறும் மூடி போட்டு மூடிவிட்டு, டேஷ்போர்டு விளக்கையும் அணைத்து விடுகிற கலைஞர்கள் இருக்கிறார்கள். வீல் அலைன்மென்ட் ஷீட்டை மட்டும் நீட்டினால் போதாது. கூடு கோணலாக இருக்கும்போதே சக்கரத்தை மட்டும் அட்ஜஸ்ட் செய்து நேராக நிறுத்திவிட முடியும்.

"அளவு ஷீட் கொடுங்க" என்று கேட்டால் சில இடங்களில் சிரிப்பார்கள். "எதுக்கு சார்? காருக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

நீங்களும் கூடவே நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் சாவியை வாங்கிக்கொண்டு, வண்டியை டோ பண்ணி அடுத்த ஷெட்டுக்குக் கொண்டு போங்கள்.